அவசரத்தில் விற்பவரும் ஆதாயம் தேடி வாங்குபவரும்

விற்றே தீரவேண்டிய நெருக்கடியில் இருப்பவனைத் தேடிப்பிடி. அவன் கேட்கும் விலையில் பாதிக்கு முடித்துவிடலாம். வீடு, மனைகளில் புதிதாகப் பணம் போட வருகிறவர்களுக்குத் தரகர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் பெரும்பாலும் இதுதான். வளைகுடா நாட்டு வெயிலில் நின்று சேர்த்த பணத்தையோ, கடையை ஒப்படைத்துவிட்டு மீந்த முதலையோ வட்டிக்கு விட மனமில்லாத நம் குடும்பங்கள், வாடகை வரும் சிறு கட்டடம் ஒன்றை வாங்கிப் போடுவதே ஹலாலான வழி என்று கருதுகின்றன. அக்கருத்து சரியானதே. வாடகை வருமானத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ஆயினும் அக்கட்டடத்தை எவரிடம் வாங்கினோம், அவருடைய எந்த நிலையைப் பயன்படுத்தி வாங்கினோம் என்ற கேள்வி, பத்திரம் பதிவானதும் முடிந்துபோவதில்லை. மறுமையிலும் அது கேட்கப்படும்.

அவசரத்தில் விற்பவரைத் தேடுவது தவறா என்றால், தவறன்று. விற்க விரும்புகிறவரும் வாங்க விரும்புகிறவரும் சந்திப்பதுதான் வணிகம். தேடுகிறவன் என்ன நோக்கத்தோடு தேடுகிறான் என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன. ஆகவே தேடும் முறையையும், தேடிக் கண்டபின் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சேர்த்தே இம்மாதம் பார்ப்போம்.

நெசவூரின் வரிசை வீடுகள்

எடுத்துக்காட்டாகத் திருவள்ளூர் மாவட்டத்து அம்மையார்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். திருத்தணி மலைக்கோயிலுக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரத்து நெசவூர் அது. தறியின் ஓசையே அவ்வூரின் முகவரி. இத்தகைய நெசவூர்களில் மாடி அடுக்குகளும் லிப்டும் கொண்ட கட்டடங்களைத் தேடிப் பயனில்லை. இங்கே கிடைப்பவை மூன்று, நான்கு, ஆறு குடித்தனங்கள் கொண்ட வரிசை வீடுகள்; கீழே உரிமையாளரும் மேலே இரண்டு குடித்தனமுமாக இருக்கும் மாடி வீடுகள்; தறி நின்றுபோன கூடத்தைத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்ட கட்டடங்கள். புதிதாக இத்துறையில் இறங்குகிறவருக்கு இவையே ஏற்றவை. ஒரு குடித்தனம் காலியானாலும் மற்றவற்றின் வாடகை கைகொடுக்கும். முதலும் அளவுக்குள் அடங்கும்.

இத்தகைய வீட்டை விற்க முன்வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து வகையினர்.

முதலாவது, தந்தை இறந்து, சொத்து பிள்ளைகளுக்குள் பிரியாமல் நிற்கும் குடும்பம். ஐந்து பேருக்குச் சேரவேண்டிய நான்கு குடித்தன வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க இயலாது. விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வதே வழி. இரண்டாவது, சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்துவிட்டவர்கள். மாதந்தோறும் வந்து வாடகை வாங்கவும், ஒழுகும் கூரையைப் பார்க்கவும் அவர்களால் முடிவதில்லை. மூன்றாவது, முதுமையுற்றுப் பிள்ளைகளோடு போய்த் தங்கிவிட்ட பெற்றோர். நான்காவது, தொழில் நொடித்து, தறியை நிறுத்திவிட்டுக் கடனை அடைக்க முயல்பவர்கள். ஐந்தாவது, நோய், திருமணம், வழக்கு என்று திடீர்ச் செலவில் சிக்கியவர்கள்.

முதல் மூன்று வகையினருக்கு வீடு ஒரு சுமை. அதை இறக்கி வைத்தால் அவர்களுக்கு நிம்மதி. கடைசி இரு வகையினருக்கு வீடுதான் கடைசிப் பற்றுக்கோடு. அதை விற்றால் அவர்கள் கையில் மிஞ்சுவது நாம் தரும் விலை மட்டுமே. இந்த வேறுபாட்டை உணராமல் ஐவரையும் ஒரே கண்ணோடு பார்ப்பதுதான் தரகர் பாடத்தின் பெருங்குறை.

தேடும் வழி

இவர்களைக் கண்டறியப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. நடக்கக் கால்களும் கேட்கக் காதும் போதும். தெருத்தெருவாக நடந்து பாருங்கள். ஒரே சுவரில் நான்கைந்து மின் மீட்டர்கள் வரிசையாக இருந்தால் அங்கே அத்தனை குடித்தனங்கள் உண்டு. அவற்றில் இரண்டு கதவுகள் பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்தால், சுண்ணாம்பு உதிர்ந்து முற்றத்தில் செடி முளைத்திருந்தால், உரிமையாளர் அருகில் இல்லை, அல்லது செலவழிக்கும் நிலையில் இல்லை என்று பொருள். அங்கே குடியிருப்பவரிடம், வாடகையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

பத்திரம் எழுதுபவர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், மளிகைக் கடைக்காரர் ஆகியோர் ஊரின் நடமாடும் ஏடுகள். எந்த வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது, எந்த வீட்டு மோட்டார் ஓராண்டாகப் பழுதாகிக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஜமாஅத் நிர்வாகிகளிடமும், வெளியூர் சென்றுவிட்டவர்களின் உறவினரிடமும் சொல்லி வைக்கலாம். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்குத் தம் பெயரும் முகவரியும் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். விற்கும் எண்ணம் இருந்தால் தெரிவியுங்கள், அவசரமில்லை என்று எழுதும் கடிதம், தரகரின் பத்துத் தொலைபேசி அழைப்புகளைவிட மதிப்பு மிக்கது.

வங்கி ஏல அறிவிப்புகளும் ஒரு வழி. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடன் நிலுவையானவருக்கு வங்கி முதலில் 60 நாள் அவகாசம் கொண்ட அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன் பிறகே சொத்தைக் கைக்கொள்ளவும் ஏலம் விடவும் முடியும். அந்த அறிவிப்பு வந்தபின் வங்கியின் எழுத்துமூலமான சம்மதமின்றி உரிமையாளர் சொத்தை விற்க இயலாது, சம்மதத்துடன் விற்கலாம். ஏலத்தில் போவதைவிட இவ்வாறு தாமே விற்றால் அவருக்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு. ஆகவே, சுத்தியல் விழும் நாளுக்காகக் காத்திராமல், உரிமையாளரோடும் வங்கியோடும் சேர்ந்து பேசி, கடனை நேரே வங்கிக்குச் செலுத்திப் பத்திரத்தை மீட்டு வாங்குவது இருவருக்கும் நலம்.

தேடும்போது ஓர் ஒழுக்கம் மறவாதீர்கள். ஒருவர் விலை பேசி முடிக்கும் தறுவாயில் இருக்கும் பொருளின்மீது இன்னொருவர் போய் விலை பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடப் பொய்யாகக் கேட்பதையும் தடுத்துள்ளார்கள். இவ்விரண்டும் இன்றைய தரகுத் தொழிலில் அன்றாடம் நடப்பவை.

முதல் கேள்வி

விற்பவர் கிடைத்துவிட்டார், அவர் கடன்பட்டோ நோயுற்றோ இருப்பவர் என்றும் தெரிந்துவிட்டது. அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்கலாகாது. விற்காமல் இந்தச் சிரமம் தீர வழியுண்டா என்பதே முதல் கேள்வி.

கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும், கடனைத் தள்ளுபடி செய்துவிடுவது இன்னும் மேலானது என்றும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 280ஆம் வசனம் போதிக்கிறது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் கடனில் சிக்கியவர்களையும் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் சேர்த்திருக்கிறது. ஒரு லட்ச ரூபாய் மருத்துவச் செலவுக்காகப் பதினாறு லட்ச ரூபாய் வீட்டை இழக்க நேர்ந்த குடும்பத்திற்கு வேண்டியது வாங்குபவரா, கைமாற்றுக் கடன் தருபவரா என்று சிந்தியுங்கள். கையில் பணம் வைத்திருக்கும் நீங்கள் அதில் ஒரு சிறு பகுதியை அழகிய கடனாகக் கொடுக்கலாம். ஜமாஅத்தின் பைத்துல்மால் வழியாகவும் ஏற்பாடு செய்யலாம். அதனால் ஒரு வீடு கைநழுவினால் நழுவட்டும். அல்லாஹ்விடம் அதற்குரிய கூலி நழுவாது.

அவ்வழி எதுவும் இல்லை, விற்பதே அவருக்கும் நலம் என்று உறுதியானபின் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: பங்காளிகளிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிட்டீர்களா? கூட்டுச் சொத்தில் பங்குள்ளவர் தம் கூட்டாளிக்கு அறிவிக்காமல் தம் பங்கை விற்கலாகாது என்பது ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. முஸ்லிம் நூலில் அது பதிவாகியுள்ளது. ஷுஃப்ஆ எனப்படும் இந்த முன்வாங்கும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் 1870ஆம் ஆண்டிலேயே இம்மாகாணத்தில் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. சட்டம் ஏற்காவிட்டாலும் ஒழுக்கம் ஒழுக்கமே. அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் இரவோடிரவாக முடிக்கும் கிரயம், பிற்பாடு வாசலில் சண்டையாக வந்து நிற்கும்.

விலை என்னும் சோதனை

அக்காலத்தில் வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வரும் வணிகக் கூட்டத்தாரை, அவர்கள் சந்தைக்கு வந்து நிலவரம் அறியுமுன்னரே, ஊருக்கு வெளியே போய் மறித்துக் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவார்கள். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு என்று முஸ்லிமில் இடம்பெற்ற ஹதீஸ் தெரிவிக்கிறது. தரகர் பாடத்தில் வரும் "தேடிப்பிடித்தல்" இதையே ஒத்திருக்கிறது. பிடிபடுபவரின் பலவீனம் இரண்டு: சந்தை நிலவரம் அறியாமை, பணத்துக்கான அவசரம். முதலாவதைப் பயன்படுத்துவதை மார்க்கம் தெளிவாகவே தடுத்துவிட்டது.

இதற்கு நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய வழி வேறு. நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை முந்நூறு திர்ஹத்திற்குப் பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர், இது அதைவிட அதிக மதிப்புடையது என்று விற்றவரிடம் தாமே கூறி, படிப்படியாக விலையை உயர்த்தி, எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் உறுதிமொழி அளித்தவர் அவர். கூஃபா நகரில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களைப் பற்றியும் இதே போன்ற செய்தி உண்டு. ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை நூறுக்கு விற்கக் கொண்டுவந்தபோது, அதன் மதிப்பு அதிகம் என்று சொல்லிச் சொல்லி ஏற்றி, முடிவில் ஐந்நூறு கொடுத்து வாங்கினார்கள். தம்மைக் கேலி செய்கிறார் என்றே அப்பெண்மணி முதலில் எண்ணினாராம். நெசவும் துணியும் அறிந்த ஊர்க்காரர்களுக்கு இந்நிகழ்ச்சியின் அருமை நன்கு புரியும்.

அப்படியானால் வாங்குபவருக்கு ஆதாயமே கூடாதா? கூடும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு நான்கு குடித்தன வீட்டின் சந்தை விலை பதினாறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் நெருக்கடியில் பதினொரு லட்சத்துக்கும் இணங்குவார் என்று தரகர் காதில் ஓதுகிறார். மிச்சமாகும் ஐந்து லட்சத்துக்கு நாம் என்ன கொடுத்தோம்? எதுவும் கொடுக்கவில்லை. அவர் பிள்ளையின் நோய்தான் அந்த ஐந்து லட்சம். மாறாக, சந்தை விலை பதினாறு என்பதை அவரிடமே சொல்லிவிட்டு, பத்தே நாளில் முழுப் பணமும் தருகிறேன், பழுதுகளை நானே பார்த்துக்கொள்கிறேன், தரகுச் செலவு உங்களுக்கு இல்லை என்று கூறி, பதினைந்தரைக்குத் தர இயலுமா என்று கேட்டால், அது ஒளிவுமறைவற்ற பேரம். விரைவுக்கும் உறுதிக்கும் ஒரு விலை உண்டு. அது சிறிய விலை. அதை அவர் அறிந்து, மனமொப்பிக் கொடுத்தால் நமக்கு ஆகும். வணிகம் பரஸ்பர மனப்பொருத்தத்தோடு நடக்க வேண்டும் என்று நான்காம் அத்தியாயம் 29ஆம் வசனம் சொல்வதன் பொருளும் இதுவே. விற்பவர் முஸ்லிமா, முதலியாரா, வேறு எவரா என்பதால் இந்த நியாயம் மாறுவதில்லை.

நாட்டுச் சட்டமும் இதில் ஒரு கடிவாளம் இட்டிருக்கிறது. அரசின் வழிகாட்டி மதிப்பைவிட வெகுவாகக் குறைந்த விலைக்கு வாங்கினால், வித்தியாசம் குறிப்பிட்ட வரம்பைக் கடக்கும்போது அதை வாங்கியவரின் வருமானமாகவே கருதி வரி விதிக்கிறார்கள். சொத்துக்கான முன்பணத்தை இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதும் 2015 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. கருப்பும் வெள்ளையுமாக இரண்டு விலை பேசுவது மார்க்கத்திலும் பொய், சட்டத்திலும் குற்றம்.

பங்காளிகளின் உரிமை

அவசர விற்பனையில் பொதுவாக மிதிபடுவது பெண்களின் பங்கு. முஸ்லிம் ஒருவர் இறந்த கணத்திலேயே அவருடைய சொத்தில் வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு சேர்ந்துவிடுகிறது. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. மனைவிக்கும் பெற்றோருக்கும் உரிய பங்குகளும் உண்டு. அண்ணன் தன் பங்கை விற்கலாம். தங்கையின் பங்கை விற்க அவனுக்கு அதிகாரமில்லை. பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருப்பதால் தங்கையின் உரிமை அழிந்துவிடாது. "சீர் செய்து கட்டிக்கொடுத்தோம், அதோடு சரி" என்னும் வாதம் ஷரீஅத்திலும் செல்லாது, நீதிமன்றத்திலும் செல்லாது.

விற்பவர் இந்துக் குடும்பத்தினரானாலும் மகள்களை விட்டுவிட முடியாது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு உரிமையளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும், நாடு முழுவதும் 2005 செப்டம்பர் 9 முதலும் நடைமுறைக்கு வந்தது. 2005இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றைப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடுமாறு செய்யுங்கள். வெளியூரில் இருக்கும் சகோதரிகளை நேரில் சந்தித்து, பணம் அவர்களுக்கும் போய்ச் சேர்கிறதா என்று கேளுங்கள். முடியுமானால் அவரவர் பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு, அந்தச் சகோதரிக்கும் நீதி.

வாரிசுகளுள் சிறுவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்தியாவில் வழங்கும் முஸ்லிம் சட்டப்படி தாய், பிள்ளையின் சொத்துக்குத் தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்ற அனுமதியின்றி அவர் விற்றால் சிறுவரின் பங்கைப் பொறுத்தவரை அவ்விற்பனை செல்லாது. அனாதையின் சொத்தைத் தொடுவது பற்றி மார்க்கம் விடுத்துள்ள எச்சரிக்கையை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை.

பத்திரம் பார்த்தல்

வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் இம்மூன்றையும் பார்ப்பது எல்லாரும் அறிந்ததே. இவ்வட்டாரத்துக்கென்று தனியே ஒன்று உண்டு. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைத் திருத்தத்தின் மூலம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தவை. ஆதலால் பாட்டன் காலத்து மூலப்பத்திரம் தெலுங்கில் இருக்கக்கூடும். புரியவில்லை என்று அதை ஒதுக்கிவிடாமல், தெலுங்கு படிக்கத் தெரிந்த வழக்கறிஞரைக் கொண்டு வரி வரியாகப் படித்தறிய வேண்டும். வீடு கிராம நத்தத்தில் உள்ளதா, புறம்போக்கில் உள்ளதா, கோயில் நிலமா, வக்ஃபு நிலமா என்பதையும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் உரிய வாரியத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். வக்ஃபு சொத்தை விலைக்கு வாங்கி அதில் தொழுவது எத்தகைய முரண் என்று சொல்ல வேண்டியதில்லை.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாதவற்றை அது காட்டாது. முஸ்லிம் ஒருவர் தம் மகளுக்கு வாய்மொழியாக ஹிபா செய்து உடைமையையும் ஒப்படைத்திருந்தால், பதிவு இல்லாமலேயே அது செல்லும் என்று 2011இல் உச்சநீதிமன்றமும் கூறியுள்ளது. அது எந்தச் சான்றிலும் தெரியாது. குடும்பத்தாரைக் கேட்டால்தான் தெரியும். அசல் பத்திரத்துக்குப் பதில் நகலைக் காட்டினால், அசல் யாரோ ஒரு கடன்காரரின் பெட்டியில் இருக்கிறது என்று ஐயுற வேண்டும்.

எல்லாவற்றையும்விட மறைவானது போக்கியம். மொத்தமாக ஒரு தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறும் இம்முறை நம் வட மாவட்டங்களில் பரவலாக உள்ளது. கடன் கொடுத்து அதன்மூலம் பயன் பெறுவதால் இது வட்டியின் பாற்பட்டது என்று உலமாக்கள் பலர் கூறுகின்றனர். வீட்டை அவசரமாக விற்பவர் பலமுறை அந்தப் போக்கியப் பணத்தையும் செலவழித்துவிட்டவராகவே இருப்பார். ஆகவே ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் நேரில் சென்று, முன்பணம் எவ்வளவு, போக்கியமா வாடகையா, எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு குடித்தனத்தில் இரண்டு லட்சம் போக்கியம் இருந்தால், கிரயத் தொகையில் அந்த இரண்டு லட்சத்தைப் பிடித்துவைத்துக் குடியிருப்பவரிடமே நேரே திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி அவர் விரும்பினால் மாத வாடகைக்கு இருக்கச் செய்வது நேர்மையான வழி. புதிய உரிமையாளர் என்ற பெயரில் ஏழையின் போக்கியப் பணத்தை மறுப்பது பகற்கொள்ளை.

வருமானக் கணக்கு

மேற்சொன்ன வீட்டில் குடித்தனத்துக்கு மாதம் மூவாயிரம் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். ஒரு மாதத்தளவு வாடகை காலியிருப்பில் போகும், அது 12,000. வீட்டு வரி, மோட்டார், வெள்ளையடிப்பு, கூரைப் பழுது ஆகியவற்றுக்கு இருபதாயிரம் ஒதுக்கினால் மீதி 1,12,000. வீட்டு விலை பதினாறு லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 1,44,000. மொத்த முதல் 17,44,000. வருமானம் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறரை. பெரிய ஆதாயமன்று, ஆனால் வட்டி கலவாத வருமானம். நியாய விலையில் இந்தக் கணக்குப் பொருந்தாவிட்டால் அந்த வீடு நமக்கு உரியதன்று என்று விட்டுவிட வேண்டும். கணக்கைப் பொருத்துவதற்காக விற்பவரின் கழுத்தை நெரிப்பது முறையன்று. தறிக்கூடத்தைத் தடுத்துக் கட்டிய வீடாயின், மின் இணைப்பு வீட்டு இணைப்பாக மாற்றப்பட்டதா, விசைத்தறி இணைப்பிலேயே ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. சலுகைக்காக மனைவியின் பெயரில் பதிந்துவிட்டு, சொத்து என்னுடையதுதான் என்று சொல்லிக்கொள்வது தகாது. அவர் பெயரில் பதிந்தால் வீடும் அவருடையது, வாடகையும் அவருடையது என்ற மனத்தோடு பதியுங்கள்.

முழுப்பணம் இல்லாதவர் வங்கி வட்டிக்குப் போக வேண்டியதில்லை. சகோதரர்களோ நண்பர்களோ இருவர் மூவர் சேர்ந்து, பங்கை எழுதிவைத்து, கூட்டாக வாங்கலாம். முதுமையால் விற்பவருக்கு ஒரே தவணையில் பணம் தேவையில்லாமல் இருக்கலாம். மாதந்தோறும் ஒரு தொகை வந்தால் அதுவே அவருக்கு வாடகைபோல் உதவும். அத்தகையவரிடம் ஒரே விலையை உறுதிசெய்து, பாதியை முதலிலும் மீதியைத் தவணையிலும் தருவதாகப் பேசலாம். தவணை தாமதித்தால் கூடுதல் தொகை என்ற நிபந்தனை மட்டும் நுழையக்கூடாது. தவணைக் கடனை எழுதி வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்துமாறு இரண்டாம் அத்தியாயம் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கையும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். மார்க்கமும் சட்டமும் இங்கே ஒரே திசையில் நிற்கின்றன.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளை மறைக்காமல் எடுத்துச் சொன்னால் அவர்கள் வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், பொய் பேசி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி உணர்த்துகிறது. சிறு முதலோடு இத்துறையில் அடியெடுத்து வைக்கும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த முதலீட்டு ஆலோசனை இல்லை. நியாயமாக வாங்கியவரின் பெயர் ஊரில் பரவும். அடுத்த வீட்டை விற்க நினைப்பவர் அவரைத் தேடித் தாமே வருவார். அப்போது தேடிப்பிடிக்கும் வேலையே அவருக்கு இருக்காது. நம் வீட்டு வாடகைப் பணத்தில் எவருடைய கண்ணீரும் கலவாதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக.